பாஞ்சாலியின் முப்பத்தொன்பதரை விநாடி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ராயப்பேட்டையில் கட்டியிருப்பது மூன்று மாடி. வகுப்புக்கு ஒரு மாடி என்று வைத்துக்கொள்ளலாம். தி. நகருக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் புடவையைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் குனிந்து தரையைப் பார்த்தால் என் கைவேலை தெரியும். நாகராஜ் மேஸ்திரி ஒட்டிய டைல்ஸ் பெயர்ந்துவிட்டது என்று இந்த ஊரில் யாராவது வந்து சொல்லட்டும், ஒரு மாடியை அவருக்கே எழுதி வைத்துவிடுகிறேன். இதுவரை ஒருவரும் மாடிப்படி ஏறவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எழுத வந்தது பாஞ்சாலியைப் பற்றி. ஆனால் அவள் கதையில் பாதி நான் ஒட்டிய டைல்ஸ் மேல் நடக்கிறது. அந்தப் பாதியை நான் சொன்னால்தான் உண்டு. குளத்தில் நீந்துகிறவர்கள் யாரும் சுவரைப் பற்றி யோசிப்பதில்லை.

பாஞ்சாலிக்கு அம்மா வீடு அடையாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே, சீனிவாசபுரத்தில். புருஷன் தேசப்பனுக்கு வீடு தெற்கே, ஊரூர் குப்பத்தில். நடுவில் ஆறு கடலில் சேருகிற இடம். அவளுக்குக் கல்யாணமான புதிதில் குறுக்கே ஒரு பாலம் இருந்தது. கிளம்பினால் அடுப்பில் வைத்த சோறு வேகுமுன் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். எழுபத்தேழில் வெள்ளம் வந்து பாலத்தின் நடுவைத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து உடைந்த பாலமாகவே நிற்கிறது. பஸ் பிடித்துத் திரு.வி.க. பாலம் வழியாகச் சுற்றிப் போனால் அரை நாள் போய்விடும்.

பாஞ்சாலி சுற்றவில்லை. மீன்குழம்புச் சட்டியின் வாயைத் துணியால் கட்டுவாள். தண்ணீர் ஏறுகிற நேரம் இறங்குகிற நேரம் பார்த்து ஆற்றில் இறங்குவாள். இடது கை சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும். வலது கை ஒன்றுதான் தண்ணீரைத் தள்ளும். அப்படியே அக்கரை. மகள் வைத்த குழம்பு என்றால் அம்மாவுக்கு அவ்வளவு பிரியம்.

"ஒரு தபா கூட சிந்தலியா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"சிந்தினதே இல்ல நைனா. ஒரே ஒரு தபா தண்ணி உள்ள பூந்துச்சு. அன்னிக்கு எங்கம்மா துன்னுட்டு, 'இன்னாடி, உப்பு தூக்கலா கீது'ன்னாங்க. நான் ஒண்ணியும் சொல்லல."

ஒற்றைக் கையால் ஆற்றைத் தாண்டியவளுக்கு இரண்டு கையும் சும்மா கிடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

அடையாறு காந்தி நகரில் ஒரு டிரஸ்ட் நீச்சல் குளம் நடத்தியது. நீளம் இருபத்தைந்து மீட்டர், ஆறு பேர் பக்கத்தில் பக்கத்தில் நீந்தலாம். மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை பெண்களுக்கான நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் பாஞ்சாலிதான் ராணி. சாவி கொடுப்பாள், துண்டு கொடுப்பாள், தண்ணீர் போகிற ஓட்டையில் சிக்கிய தலைமுடியை எடுப்பாள். யாராவது தண்ணீரைக் குடித்துவிட்டுக் கையை ஆட்டினால் புடவையோடு குதித்துத் தூக்கி வருவாள். கரையேறியதும் அவர்களை ஒரு திட்டுத் திட்டுவாள். தண்ணீரை விட அந்தத் திட்டுக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஒழுங்காக நீந்தினார்கள்.

வாசலில் ஒரு சாதனைப் பலகை. தேக்குப் பலகையில் நீல வர்ணம் அடித்து வெள்ளை எழுத்தில், இந்தக் குளத்தில் மாநில சாதனை வைத்தவர்களின் பெயர்கள். பாஞ்சாலி அதை வெள்ளிக்கிழமை தோறும் ஈரத்துணியால் துடைத்து, சாமி படத்துக்கு வைக்கிற மாதிரி நான்கு மூலையிலும் குங்குமம் வைப்பாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கடைசி வரியை அவள் மனப்பாடமாகச் சொல்வாள்: "பெண்கள், நாற்பது முதல் நாற்பத்து நான்கு வயது, ஐம்பது மீட்டர், திருமதி ஜலஜா வெங்கடரமணன், 41.8 விநாடி, 1992."

ஜலஜா அம்மா மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறவர். அவர் வீட்டுக்காரர் வெங்கடரமணன் ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர், குளத்துக்குக் கௌரவச் செயலாளர். மனைவியின் பெயர் பலகையில் ஏறியதில் மனைவியை விட அதிகமாகச் சந்தோஷப்பட்ட மனுஷர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கபாலீஸ்வரர் கோயிலுக்கு ஒருமுறை, இந்தப் பலகைக்கு ஒருமுறை என்று அழைத்து வருவார்.

இப்போது என் டைல்ஸுக்கு வருகிறேன்.

தொண்ணூற்றைந்தில் குளத்துச் சுவரெல்லாம் பல்லிளித்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். வெங்கடரமணன் சார், "பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸை ஒட்டிடு மேஸ்திரி. கொத்தி எடுத்துண்டு இருந்தா நாளாகும்" என்று சொல்லிவிட்டு டில்லியில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு மாதம் போய்விட்டார்.

நான் காலிக் குளத்தில் இறங்கி, விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டின மாதிரி சத்தம். அந்தச் சத்தத்தின் மேல் டைல்ஸ் ஒட்டுகிறவன் என்னைப் பொறுத்தவரை மேஸ்திரியே கிடையாது. உளியை வைத்து ஒரு அடி கொடுத்தேன். பச்சை டைல்ஸ் கழன்று வந்தது. அதற்கு உள்ளே பார்த்தால் இன்னொரு டைல்ஸ், வெள்ளை! எனக்கு முன்னால் எவனோ ஒரு புண்ணியவான் டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் இரண்டு வரிசையையும் செங்கல் தெரிகிற வரைக்கும் கொத்தி எடுத்தேன். எடுத்த ஒரு கட்டியை, கேக் துண்டு மாதிரி வெள்ளையும் பச்சையும் அடுக்காகத் தெரிகிறதை, வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாடிக்கைக்காரர்கள் வந்தால் காட்டி, "மத்தவன் வேலையைப் பாருங்க, அப்புறம் என் வேலையைப் பாருங்க" என்பேன்.

குப்பையை அள்ளிக் கொட்டியது பாஞ்சாலி. "இன்னா நைனா, குளத்துக்கு ரெண்டு சட்டை போட்டு வச்சிருந்தானுங்களா?" என்று சிரித்தாள்.

சார் டில்லியிலிருந்து வந்தபோது தண்ணீர் நிரப்பி, குளம் கண்ணாடி போல் மின்னியது. "நான் சொன்னபடிதானே பண்ணினே?" என்று கேட்டார். சொன்ன பேச்சை மீறினேன் என்றால் சண்டை வரும். "ஆமா சார்" என்றேன். நல்ல வேலை செய்துவிட்டு அதைச் சொல்லிக் காட்டாமல் நான் வாயை மூடிக்கொண்டது என் ஆயுசில் இரண்டே தடவை. இது முதல் தடவை. இந்த "ஆமா சார்" பின்னால் என்ன பாடு படுத்தியது என்று பாருங்கள்.

தண்ணீர் விட்ட மறுநாளே பாஞ்சாலி என்னிடம் வந்தாள்.

"நைனா, குளம் வளந்துகீது."

"இன்னாமே உளர்றே? குளம் இன்னா சுரைக்காயா, வளர்றதுக்கு?"

"சத்தியமா நைனா. முன்னாடி பதினேழாவது கை போட்டா சுவரு உள்ளங்கையில முட்டும். இப்ப விரல் நுனியில படுது. நீ ஏதோ பண்ணிக்கீறே."

நான் சிரித்துவிட்டுப் போனேன். அந்த விரல் நுனியை அன்று நம்பியிருக்க வேண்டும்.

அடுத்த வருஷம், மெட்ராஸைச் சென்னை என்று மாற்றினார்களே அந்த வருஷம், வயதில் மூத்தவர்களுக்கான மாநில நீச்சல் போட்டி எங்கள் குளத்தில் நடப்பதாக ஆயிற்று. ஜலஜா அம்மா தானே விண்ணப்பத்தை வாங்கி பாஞ்சாலியின் பெயரை எழுதினார். பாஞ்சாலிக்கு வயது நாற்பத்து மூன்று. ஜலஜா அம்மாவுக்கு நாற்பத்தேழு ஆகிவிட்டதால் அந்தப் பிரிவில் அவர் நீந்த முடியாது.

"நான் எதுக்குமா? துண்டு யாரு கொடுப்பா?" என்றாள் பாஞ்சாலி.

"துண்டை நான் கொடுக்கறேன். நீ தண்ணில இறங்கு."

ஒரு மாதம் ஜலஜா அம்மா கரையில் நின்று பழக்கினார். பாஞ்சாலிக்கு வேகம் இருந்தது, மூச்சு இருந்தது. ஒரே ஒரு குறை. களைப்பு வந்தால் இடது கை தன்னால் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். இருபது வருஷம் குழம்புச் சட்டி பிடித்த கை. ஜலஜா அம்மா விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து ஒரே மந்திரம்தான்: "சட்டியைப் போடு பாஞ்சாலி! சட்டியைப் போடு!"

"உங்களுக்கு இன்னாமா, போடுன்றீங்க. உள்ள வஞ்சிரம் கீதே" என்று தண்ணீருக்குள்ளிருந்து பதில் வரும்.

பயிற்சி முடிந்த ஒரு சாயங்காலம் பலகையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "எட்டு வருசமா தொடைக்கிறேன் நைனா. எல்லாம் அடுத்தவங்க பேரு. ஒரு வெள்ளிக்கெயம என் பேரை நானே தொடைக்கணும். அது போதும் எனக்கு." பதக்கத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

போட்டி சனிக்கிழமை காலை. நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் குளம், என் பாஞ்சாலி, பின் வரிசையில் உட்கார முடியுமா? பாஞ்சாலி தேசப்பனின் அரைக்கால் சட்டையும் மேலே ஒரு பனியனும் போட்டு வந்தாள். மற்ற ஐந்து பெண்களும் நீச்சல் உடையில் மீன் மாதிரி பளபளத்தார்கள். விசிலுக்கு முன்னால் குனிந்து, கையில் தண்ணீரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடலில் இறங்கும்போது குப்பத்தில் எல்லாரும் செய்வதுதான். விசில் ஊதுகிறவர் காத்திருந்தார்.

விசில். குதித்தாள். எனக்கு நீச்சல் தெரியாது, ஆனால் வேலை தெரிந்த கை எது என்று தெரியும். போகும்போது ஒரு ஆள் நீளம் முன்னால். என் சுவரைத் தொட்டுத் திரும்பினாள். நடுக்குளத்துக்கு வந்தபோது இடது கை மெதுவாக மேலே போய் நிற்கப் பார்த்தது.

"சட்டியைப் போடு!" என்று ஜலஜா அம்மா கத்தினார். ஒரு மயிலாப்பூர் டீச்சர் அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதில்லை. நானும் கத்தினேன். குப்பத்திலிருந்து வந்திருந்த தேசப்பனும் கத்தினான். என்ன ஏது என்று தெரியாமல் குளத்தைச் சுற்றி இருந்த நூறு பேரும், "சட்டியைப் போடு! சட்டியைப் போடு!" என்று கூச்சல் போட்டார்கள். இடது கை தண்ணீரில் விழுந்தது. அதற்கப்புறம் அவளை யாரும் பிடிக்கவில்லை.

மூன்று பேர் கையில் மூன்று கடிகாரம். இரண்டில் 39.5. ஒன்றில் 39.6. இரண்டு கடிகாரம் சொல்வதுதான் கணக்கு. நடுவர் ஸ்ரீநாத், நீச்சல் சங்கத்திலிருந்து வந்த சின்ன வயசுக்காரர், மைக்கில், "புதிய மாநில சாதனை" என்று சொன்னதும் ஜலஜா அம்மா துண்டோடு ஓடினார். தன் சாதனையை முறித்தவளை, தண்ணீர் சொட்டச் சொட்ட, பட்டுப்புடவையோடு கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் வெங்கடரமணன் சார் எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நடுவர் மேசைக்குப் போனார்.

"மிஸ்டர் ஸ்ரீநாத், நீந்தினது நன்னா நீந்தினா. ஆனா இதை ரிக்கார்டுன்னு எழுத முடியாது. போன வருஷம் இந்தக் குளத்துக்குப் புது டைல்ஸ் ஒட்டினோம். பழைய டைல்ஸ் மேலே. சுவர் தடிச்சா குளம் சுருங்குமோல்லியோ? இது இப்போ இருபத்தஞ்சு மீட்டரே இல்லை."

ஸ்ரீநாத் யோசித்தார். "ரூல்படி சார் சொல்றது சரி. நீளம் மூணு சென்டிமீட்டர் வரைக்கும் கூடுதலா இருக்கலாம். ஒரு மில்லிமீட்டர் குறைஞ்சாலும் ரிக்கார்டு செல்லாது."

பாஞ்சாலியின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றது, கரண்ட் போன ஃபேன் மாதிரி. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு ஓடினேன்.

"சார், சார்! நான் மேல ஒட்டல. பழசைக் கொத்தி எடுத்துட்டுத்தான் ஒட்டினேன்."

"என்ன மேஸ்திரி, பேச்சை மாத்தறே? சொன்னபடிதானே பண்ணினேன்னு கேட்டப்போ ஆமான்னு சொன்னியே?"

"சொன்னேன் சார். ஆனா..."

"அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா?"

முப்பது வருஷத் தொழிலில் ஒரு டைல்ஸ் பெயராதவன், ஒரு "ஆமா சார்"-இல் பெயர்ந்து நின்றேன்.

ஜலஜா அம்மா வந்தார். "ஏன்னா, முறிஞ்சது என் ரிக்கார்டு. நானே சந்தோஷமா இருக்கேன். உங்களுக்கு என்ன?"

"இது சந்தோஷ சமாசாரம் இல்லை ஜலஜா. ரூல்."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் நினைத்தபடி சுவர் இருந்திருந்தால் அவர் சொன்னதுதான் நியாயம். ஸ்ரீநாத் பிரச்சினையை வெட்டிவிட்டார். முத்திரை குத்திய இரும்பு டேப் வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து அளப்போம், அதுவரை சாதனை நிறுத்திவைப்பு.

அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், மறைக்க வேண்டாம். ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பூச்சு போட்டபோது இரண்டு நாள் நான் அங்கே இல்லை. என் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, வீட்டுக்காரியோடு தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். சுவர் கொஞ்சம் கோணல் என்று என் ஆட்கள் கலவையைத் தடியாக அப்பியிருந்தால்? ஒரு மில்லிமீட்டர் போதும். என் வேலையை நானே சந்தேகப்பட்டது அந்த வாரம்தான். ஜவுளிக்கடைத் தரையைப் பார்த்தால்கூட எனக்குக் கோபம் வந்தது.

புதன்கிழமை குளத்துக்குப் போனேன். பாஞ்சாலி தலைமுடி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என் மேலதான் பாஞ்சாலி. அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா..."

"வுடு நைனா. ஊரு பேரையே மாத்திட்டானுங்க. பலகையில ஒரு பேரை மாத்துறதுக்கு இம்மாம் யோசனை பண்றானுங்களே."

"அந்த ரெண்டு நாளு நான் இல்லியே, அதான் பயமா கீது."

அவள் ஈரக் கையை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "நீ இல்லாட்டி இன்னா? இந்த விரலு இருந்துச்சுல்ல? பதினேழாவது கையில சுவரு முட்டல, நுனியில பட்டுச்சு. அன்னிக்கே சொன்னேன், நீ சுரைக்காய்னு சிரிச்சே. பேசாத சோறு துன்னு போ."

போய்த் தின்றேன். ஆனால் முழுசாக இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கிண்டியில் தெரிந்த தொழிற்சாலையிலிருந்து முத்திரை போட்ட இரும்பு டேப்பை ஸ்ரீநாத் கொண்டுவந்தார். தண்ணீர் மட்டத்தில் அளக்க வேண்டும், தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் ஆள் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். பாஞ்சாலி இறங்கினாள்.

"அவ எப்படிப் பிடிக்கலாம்? ரிக்கார்டே அவளோடதாச்சே" என்றார் வெங்கடரமணன் சார்.

"அப்போ இன்னொரு பக்கம் நான் பிடிக்கறேன். பழைய ரிக்கார்டு என்னோடது. சரியாப் போச்சா?" என்று ஜலஜா அம்மா குளத்தில் இறங்கிவிட்டார்.

சரித்திரத்திலேயே இப்படி ஒரு அளவு நடந்திருக்காது. சாதனை வைத்தவர் ஆழமான பக்கம், சாதனையை முறித்தவள் ஆழமில்லாத பக்கம், நடுவில் மஞ்சள் டேப் விறைத்து நின்றது. ஸ்ரீநாத் கரையில் குப்புறப் படுத்து, தலையை நீட்டி அளவைப் பார்த்தார். என் உயிர் டேப்பின் நுனியில் இருந்தது.

"இருபத்தஞ்சு மீட்டர்..." என்று நிறுத்தினார். மறுபடி பார்த்தார். "...ஒரு சென்டிமீட்டர், ரெண்டு மில்லி. கூட."

குறையவில்லை, கூட! அவள் நீந்திய தூரம் போட்டிக்கு வேண்டியதை விட இரண்டு சென்டிமீட்டர் அதிகம். பாஞ்சாலி டேப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தண்ணீரை வாரி வானத்தில் அடித்தாள். தேசப்பன் விசில் அடித்தான். நான்? நான் நேராகப் போய் அந்தச் சுவரைத் தடவிக் கொடுத்தேன். தி. நகர் போன இரண்டு நாளிலும் என் ஆட்கள் நூல் பிடித்த மாதிரி வேலை செய்திருக்கிறார்கள். யார் பழக்கின ஆட்கள்?

வெங்கடரமணன் சார் இன்ஜினியர் அல்லவா, விடவில்லை. "அதெப்படி கூட வரும்? மேஸ்திரி, நிஜமாவே கொத்தினியா? எவ்வளவு கொத்தினே?"

இதற்காகத்தானே பையில் கொண்டுவந்திருந்தேன். வெள்ளையும் பச்சையும் அடுக்கிய கட்டியை எடுத்து அவர் கையில் வைத்தேன். "பாருங்க சார். ரெண்டு வரிசை டைல்ஸ், நடுவுல கலவை. ரெண்டரை அங்குலத்தை எடுத்துட்டு ஒரு அங்குலத்துல முடிச்சேன். ஒரு சுவருக்கு ஒன்றரை அங்குலம் மிச்சம்."

சார் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதடு முணுமுணுத்தது. "ரெண்டு சுவருக்கு மூணு அங்குலம். ஏழரை சென்டிமீட்டர். அப்போ... கொத்தறதுக்கு முன்னாடி குளம்..."

அங்கே நின்றுவிட்டார். அவர் போட்டுக்கொண்டிருந்த கணக்கின் விடை என்ன என்று எனக்குத் தெரியும். பச்சை டைல்ஸ் இருந்தபோது குளம் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் குட்டை. பச்சை டைல்ஸ் இருந்தபோதுதான், தொண்ணூற்றிரண்டில், அவர் வீட்டம்மா நீந்தினார். அவரே வாதாடிய ரூல் அவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. பேச எனக்கு ஆயிரம் வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. அந்த மனுஷர் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். மேலே சொன்னேனே, இரண்டாவது தடவை என்று, அது இதுதான்.

தண்ணீருக்குள்ளிருந்து ஜலஜா அம்மாவே கேட்டார். "ஏன்னா, கணக்கு வந்துடுத்தா?"

சார் கட்டியை மெதுவாகக் கரையில் வைத்தார்.

"எனக்கு வந்துடுத்து. நாலு வருஷமா குட்டைக் குளத்து ரிக்கார்டை வச்சுண்டு, ஊர்ல வந்தவாளை எல்லாம் கூட்டிண்டு வந்து காட்டியிருக்கேள்!" என்று சொல்லிவிட்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் தண்ணீர் வாய்க்குள் போய் இருமல் வந்துவிட்டது. பாஞ்சாலி பழக்க தோஷத்தில் ஒரே பாய்ச்சலாகப் போய் அவரைப் பிடித்துத் தூக்கி, "வாயை மூடிக்கினு சிரிங்கமா!" என்று திட்டினாள்.

"என் பேரை அழிச்சுடச் சொல்லு ஸ்ரீநாத்" என்றார் ஜலஜா அம்மா, மூச்சு வந்ததும்.

"அதெல்லாம் அய்க்கக் கூடாது!" பாஞ்சாலியின் குரல் குளம் முழுக்க எதிரொலித்தது. "அவங்க பேரு போச்சுன்னா நான் யாரை ஜெயிச்சேன்? சுவத்தையா?"

எல்லாரும் ஸ்ரீநாத்தைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "ரூல்ல ஒண்ணு இருக்கு. அளந்து பார்த்துட்டுத்தான் செல்லாதுன்னு சொல்லணும். அந்தச் சுவரே இப்போ இல்லை. இல்லாத சுவரை நான் எப்படி அளக்கறது? தொண்ணூத்திரண்டு அப்படியே இருக்கட்டும். தொண்ணூத்தாறு, பாஞ்சாலி, முப்பத்தொன்பது புள்ளி அஞ்சு. கையெழுத்துப் போடறேன்."

வெங்கடரமணன் சார் குளத்தின் விளிம்பில் வந்து குந்தினார். "பாஞ்சாலி, தப்பா எடுத்துக்காதே. ரூல்னு பேசினேன்."

"இன்னா சார் நீங்க. நீங்க அளக்கச் சொல்லலன்னா, ரெண்டு சென்டிமீட்டர் எச்சா நீந்தினேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

வியாழக்கிழமை பெயர் எழுதுகிறவர் வந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வேறு யாருமில்லை, வெங்கடரமணன் சார்தான். எழுத்தில் கால் வாங்கும்போதெல்லாம், "நேரா, நேரா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜலஜா அம்மா பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், "திருமதி பாஞ்சாலி தேசப்பன், 39.5 விநாடி, 1996."

இப்போதும் விருந்தாளி வந்தால் சார் அழைத்து வருகிறார். "இது என் ஆத்துக்காரி. இது அவ பழக்கின பாஞ்சாலி" என்று இரண்டு வரியையும் காட்டுகிறார். அப்புறம் என்னைக் கண்டால், "இவர்தான் சுவர்" என்கிறார். நானும் மறுப்பதில்லை.

பெயர் எழுதிய மறுநாள் வெள்ளிக்கிழமை. பார்க்க வேண்டும் என்றே போயிருந்தேன். பாஞ்சாலி ஈரத்துணியை இரண்டு முறை பிழிந்தாள். வர்ணம் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். முதலில் மேலே இருந்த பெயர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகத் துடைத்தாள். ஜலஜா அம்மா பெயரை ஒருமுறை அதிகமாகவே துடைத்தாள். கடைசி வரிக்கு வந்ததும் துணியை மடித்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தாள். நான்கு மூலையிலும் குங்குமம் வைத்தாள். விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தன் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் பொட்டு வைத்தாள்.

அன்று சாயங்காலம் ஊரூர் குப்பத்துப் பக்கம் எனக்கு ஒரு வேலை. முகத்துவாரத்தில் பாஞ்சாலி சட்டியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். மாநில சாதனைக்காரி ஆற்றில் இறங்குகிறாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. "ஆட்டோ பிடிச்சுத் தரட்டுமா?" என்றேன்.

"எதுக்கு நைனா? எங்கம்மா காத்துக்கினு இருப்பாங்க."

தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இறங்கினாள். இடது கை சட்டியோடு மேலே போனது. நான் கரையிலிருந்து, "சட்டியைப் போடு பாஞ்சாலி!" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்க்காமலே பதில் வந்தது. "இன்னிக்குப் போட முடியாது நைனா. உள்ள வவ்வால் மீனு!"